பிஸ்கட் டின்னில் மிஞ்சியவை

தவுலோமா தீவு, ஃபிஜி
4 மார்ச் 1997

அன்புள்ள தம்பி அபெனிசா,

அசெனாதாவுக்குக் காசநோய்தான். நேற்றைய கப்பலில் வந்த டாக்டர் உறுதி செய்தார். கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த நீர் சோதனைக்காக ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று தெரிய ஆறு வாரம் ஆகும். அதுவரை வழக்கமான மாத்திரைகள்.

நான்கு வயது மகளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டார். ஜனவரியில் பெரியப்பா சாவுக்கு நீ வந்திருந்ததைச் சொன்னேன். புயலுக்குச் சன்னல்களை அடைத்துக்கொண்டு நான்கு நாள் ஒரே அறையில் இருந்தோம். அவள் உன் மடியை விட்டு இறங்கவில்லை. நீ இருமினாய். புகையிலை என்றாய். நான் நர்ஸ், இருந்தும் நம்பினேன்.

போன வருடம் இதே நோய்க்கு மருத்துவமனையில் இரண்டு மாதம் இருந்தாய். வீட்டில் விழுங்க வேண்டிய நான்கு மாத மாத்திரைகளையும் விழுங்கினாயா?

உன் அக்கா,
மெரேயானி


சுவா
11 மார்ச் 1997

அன்புள்ள அக்கா,

செய்தி படித்தேன். பிள்ளையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்குச் சிவப்பு ரிப்பனும் இரண்டு டின் மீனும் அனுப்பியிருக்கிறேன், கப்பல்காரர் தொமாசியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் வேலை அதிகம். மழை விடவில்லை.

என் கார்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதமும் டிக் போட்டிருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
அபெனிசா


தவுலோமா
18 மார்ச் 1997

தம்பி,

ரிப்பன் வந்தது. கட்டியிருக்கிறாள்.

மாத்திரையைக் கொடுத்தால் கார்டில் டிக் போடுவோம். நானும் அப்படித்தான் போடுகிறேன். விழுங்கினாயா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாதியில் நிறுத்தியவனிடமிருந்து தொற்றியிருந்தால், இப்போது கொடுக்கும் மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காமல் போகலாம். அப்படியானால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தைக் கூட்ட வேண்டும். அவள் எடை மறுபடி குறைந்திருக்கிறது. கட்டியும் வற்றவில்லை.

நான் திட்டப் போவதில்லை. ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுது.

அக்கா


சுவா
25 மார்ச் 1997

அக்கா,

இல்லை.

நவம்பரிலேயே விட்டுவிட்டேன். மாத்திரை சாப்பிடும்போது கவா வேரைக் கரைத்த போதைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, ஈரலுக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் பாயில் உட்காருவோம். சிரட்டை என் முறைக்கு வரும். ஒரு வாரம் வேண்டாமென்று கையசைத்தேன். எட்டாவது நாள் போர்மன் எல்லார் முன்னாலும் கேட்டார்: “என்னடா, சனிக்கிழமை சர்ச்சுக்கு மாறிட்டியா? அவங்கதான் கவாவ தொட மாட்டாங்க. இல்ல, உடம்புல ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கியா?” எல்லோரும் சிரித்தார்கள். நோய் என்று தெரிந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். வழக்கப்படி கை தட்டி, சிரட்டையை வாங்கிக் குடித்தேன். உடம்பும் தேறியிருந்தது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

மிச்ச மாத்திரைகள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. இன்று அதை எடுத்துக்கொண்டு கிளினிக் போனேன். சளி எடுத்தார்கள். போர்மனிடமும் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போ என்றார்.

பிள்ளையிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

அபெனிசா


தவுலோமா
1 ஏப்ரல் 1997

அபெனிசா,

டாக்டரை ரேடியோவில் அழைத்து உன் கடிதத்தை வாசித்தேன். மருந்தை மாற்றிவிட்டார். மூன்று நாளாகத் தினமும் ஓர் ஊசி. இங்கே நர்ஸ் நான் ஒருத்திதான், அதனால் நானே போடுகிறேன். ஊசிப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் படகுக் கொட்டகைக்கு ஓடி ஒளிகிறாள்.

மாத்திரையை மட்டும் அழாமல் விழுங்குகிறாள். உனக்கும் இதே மாத்திரைதான் என்று முதல் நாள் சொல்லியிருந்தேன். தினமும் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, “மாமா முழுங்கிட்டாரா?” என்பாள். ஆமாம் என்று சொல்லி வந்தேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து, தெரியவில்லை என்கிறேன். “அப்ப கேளும்மா” என்கிறாள்.

தினமும் கிளினிக் போய், நர்ஸ் பார்க்க விழுங்கு. வாரம் ஒரு முறை அவர் கையெழுத்துப் போட்ட தாள் எனக்கு வரட்டும். உன் கடிதம் வேண்டாம், அந்தத் தாள் போதும். அதைக் காட்டி அவளுக்குப் பதில் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை. 15ஆம் தேதி கப்பலில் வரும் என்கிறார்கள்.

மெரேயானி
நர்ஸ், தவுலோமா