வாலு மாதிரி நடித்தது

ஜூலை 8
போதைப் பழக்கம் பற்றி மாணவர்களிடம் பேச மாணவர்களையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் நான். "டீச்சர் சொன்னா காதுல ஏறாது, நீங்க சொன்னா ஏறும்" என்றார் ஆலோசகர் மேடம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 11
ஏறவில்லை. நான் வந்தாலே பேச்சை நிறுத்துகிறார்கள். பெயர்கூட வைத்தாயிற்று: அட்வைஸ் ஆன்ட்டி. என் கூட்டாளி வாலு மட்டும்தான் இன்னும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் பையில் வேப் இருக்கிறது, பேனா மாதிரி ஒரு மின்சிகரெட். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜூலை 17
சொதப்பிவிட்டேன். இன்று 'வேண்டாம்' சொல்லிப் பழகும் நாடகம். வேப்பை நீட்டுகிறவள் நான்; கையில் ஒரு பேனா. கண்ணைச் சிமிட்டி, தோளால் இடித்து, "ஒரே ஒரு இழுப்புடி, செத்தா போயிடுவ?" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரும் திரும்பி வாலுவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தச் சிமிட்டல், அந்த இடி, எல்லாம் அவளுடையது. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வேணும்னு பண்ணலடி. சத்தியமா. எனக்குத் தெரிஞ்சது உன்னைத்தானே — வேற யார மாதிரி நடிப்பேன்?

ஜூலை 18
தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 23
"எங்கடி உன் கூட்டாளி, வீட்டுப் பக்கமே காணோம்?" என்றாள் அம்மா. பரீட்சை என்று புளுகினேன். வாலு இப்போது ஒவ்வொரு இடைவேளையும் மாடிப்படிக்கு அடியில்தான், வேப்போடு. முன்பெல்லாம் எப்போதாவது. நான்தான் தள்ளிவிட்டேனா? யாரிடம் கேட்பது? கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவளே நான்.

ஜூலை 31
மறுபடி அதே நாடகம். நீட்டுகிறவளாக யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். வாலு எழுந்து வந்தாள். பேனாவை வாங்கவில்லை.

"நீ அன்னிக்கு நடிச்சது தப்பு. நான் இப்படித்தான் கேப்பேன்." பக்கத்தில் வந்து நின்றாள். குரல் இறங்கிவிட்டது. "தனியா இருக்க என்னவோ மாதிரி இருக்குடி. கூட வாயேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் 'வேண்டாம்' சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னாலும் "வரேன்" என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 1
போனேன். மாடிப்படிக்கு அடியில் அவள் மட்டும்தான் இருந்தாள். எனக்கு நீட்டவில்லை. "இது இல்லாம ஒரு பீரியட் உக்கார முடியல. பயமா இருக்கு" என்றாள். மேடம்கிட்ட போலாமா என்றேன். "நீயும் உள்ள வரணும். ஆனா வாயத் திறக்கக் கூடாது."

போனோம். அவள்தான் பேசினாள். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.