எல்லாம் வலப்பக்கமே கேட்குது

அம்பாசமுத்திரம்
17.11.1999

அன்புள்ள குமரவேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், இன்றைக்கு அந்த வரிக்குக் கை வரவில்லை. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் போதும். எதிர்வீட்டுப் போனில் இதைச் சொல்ல முடியாது, கூடத்தில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள், அதனால்தான் கடிதம்.

நீ கொடுத்துவிட்ட டிவிடி பிளேயரையும் ரிசீவரையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் லீவில் ஊருக்கு வந்த தாவூது பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். எந்த ஒயரில் இணைத்தீர்கள் என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு டூட்டி இல்லை. உன் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நானே இணைத்தேன். பாட்டுக்கு இது போதும் என்று நீ எழுதியிருந்த சிவப்பு வெள்ளை ஒயர்தான் முதலில். அப்பா எதிரே பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இடது பெட்டி பேசவே இல்ல, எல்லாம் வலப்பக்கமே கேட்குது என்றார்கள். எனக்கு இரண்டும் கேட்டது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எஞ்சின் சத்தத்தை வைத்தே பஸ்ஸில் என்ன கோளாறு என்று சொல்லுகிற டிரைவர், அவர்கள் காதையா சந்தேகப்படுவேன், என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் சொருகினேன், அப்போதும் இடது பெட்டிதான் ஊமை என்றார்கள். ஆரஞ்சு நிற ஒற்றை ஒயரைப் போட்டேன், அதே பேச்சு. கடைசியில், ஆப்டிக்கல் என்று நீ எழுதியிருந்த, உள்ளே வெளிச்சம் போகும் ஒயர். நுனி மூடியைக் கழற்றாமலே அமுக்கிவிட்டு, சத்தமே இல்லை என்று அரைமணி நேரம் முழித்தேன். ஒம் மவன் கடையில விக்காத பெட்டிய நம்ம தலையில கட்டிட்டான் என்று உனக்கும் திட்டு விழுந்தது. மூடியைக் கழற்றியதும் பாட்டு வந்தது, அப்போதும் அவர்களுக்கு இடது பெட்டி ஊமைதான்.

நீங்களே வந்து பாருங்கள் என்றேன். மேசைக்குப் பின்னால் போய்க் குந்தி, ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டி, இப்ப அந்தப் பெட்டி நல்லாப் பேசுதே, இந்தப் பெட்டில்லா போச்சு என்றார்கள். குமரா, நான் எதையும் தொடவில்லை. ஒயரும் மாறவில்லை, பெட்டியும் மாறவில்லை. அவர்கள்தான் திரும்பியிருந்தார்கள், ஊமை என்ற பெட்டி இப்போது அவர்கள் வலது காதுப் பக்கம். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர்கள் இடது காதோடு வைத்தேன். என்ன, வாட்ச் நின்னு போச்சா என்று கேட்டார்கள். வலது காதுக்குக் கொண்டுபோனேன். அப்பா முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து பிளேயரை அணைத்தேன்.

காது போனது மட்டும் என்றால் வைத்தியம் பார்க்கலாம் என்று மனதைத் தேற்றியிருப்பேன். போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் சாரம்மாள் என்கிற அம்மா இறங்கும்போது பஸ் நகர்ந்து, விழுந்து கை முறிந்தது என்று எழுதியிருந்தேனே. ஆள் இறங்குது, நில்லு என்று கண்டக்டர் கொடுக்கும் ஒற்றை விசில் வரவே இல்லை என்று அப்பா டெப்போவில் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்து அதிகாரிகள் கண்டக்டர் சுடலைக்கண்ணுவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவன் நம் வாசலில் வந்து நின்று, அண்ணாச்சி, சத்தியமா விசில் குடுத்தேன், ஒங்களுக்குத்தான் கேக்கல என்று அழுதான். பொய் சொல்லாதலே, எனக்கென்ன செவிட்டுக் காதா என்று அப்பா கத்தினார்கள். நானும் அவனை உட்காரச் சொல்லவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு பஸ்ஸும் கண்டக்டரும் இடது பக்கம். ஐப்பசி மழையில் காதில் தண்ணீர் போய் அடைத்திருக்கிறது என்றே அப்பா நினைத்திருந்தார்களாம். பொய் சொல்லவில்லை, ஆனால் சொன்னது பொய். எத்தனையோ புத்தகம் படித்தவள் நான், இது என் வீட்டுக்குள் நடக்கும் என்று நினைத்ததில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் காக்கிச் சட்டையை எடுக்கவில்லை. ஒரு தாள் எடுத்துவா, நீ எழுது என்றார்கள். விசில் வந்திருக்கும், என் காதுதான் கேட்கவில்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் சுடலைக்கண்ணு வீட்டுக்குப் போனோம். அவன் படித்துவிட்டு, இதக் குடுத்தா ஒங்க ஸ்டியரிங்கப் புடுங்கிருவாவளே அண்ணாச்சி, வேண்டாம், கிழிச்சிருங்க என்றான். புடுங்கட்டும்லே, இனிமே நான் தொட்டா அது வண்டி இல்ல, எமன் என்றார்கள் அப்பா. அவன் பெண்சாதி எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை. பிறகு டெப்போவில் கொண்டுபோய்க் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டு விசாரித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். நாளை பாளையங்கோட்டையில் காது டாக்டரைப் பார்க்கப் போகிறோம். பணம் அனுப்புகிறேன் என்று பதறாதே, லீவு கேட்டு அலையவும் வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில், வெளிச்ச ஒயரிலேயே விட்டிருக்கிறேன், நீ சொன்ன ஐந்து பெட்டியும் அதில்தான் பேசுகின்றன. சுவாமி உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனதையும் தரட்டும். இது கைக்கு வந்த பிறகு வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது ஒன்றை மறக்காதே. நீ என்ன பேசினாலும் அப்பா சரி சரி என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிடுகிறார் என்று இரண்டு முறை வருத்தப்பட்டு எழுதினாய். அவர்கள் போனை இடது காதில்தான் வைப்பார்கள், குமரா. வலது காதில் வைங்க என்று நான் பக்கத்தில் நின்று சொல்லுகிறேன். நீ முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லு.

உன் அம்மா,
சி. ஆவுடைத்தாய்