பாதிப் பென்சன்

கொட்டகலை,
2024 மார்ச் 4.

ராக்காயிக்கு,

சோலைமலை சொல்லச் சொல்ல, பஜார் கடை ஸுஹைர் எழுதும் கடிதம். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்னேன். நான் இருமுவதைக் கேட்டுவிட்டு, "பொய்ய நான் எழுத மாட்டேன் அண்ணே" என்கிறார். ஆகவே இருமல் இருக்கிறது.

காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் நம்மைப் பிரித்து, என் ரயில்வே பென்சனில் பாதி உனக்கு என்று எழுதி நாலு மாதமாகிறது. பென்சன் கந்தோரில் பைல் இன்னும் நகரவில்லை. அதைப் பார்த்த கிளார்க் மாறிப் போய்விட்டார். புதியவர் முதலிலிருந்து வாசிக்க வேண்டுமாம். அதுவரை முழுப் பென்சனும் எனக்கே வருகிறது. உன் பாதியை நான் தொடுவதில்லை. பேங்கில் பத்திரமாக இருக்கிறது. நீ சரி என்றால் மாதாமாதம் பஸ் ஏறி வந்து கையில் தந்துவிட்டுப் போகிறேன்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 1981 ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. இறம்பொடையில் தாலி கட்டி உன்னைக் கூட்டிக்கொண்டு வரும்போது லபுக்கலை வளைவில் பஸ் நின்றுவிட்டது. மழை. கூறைச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ நடந்தாய். எல்லோருக்குமாகக் குடை ஒன்றுதான். என் அத்தை, "பொண்ண நனைய விடாதடா, மஞ்சளெல்லாம் கரஞ்சா அப்புறம் நெசமான நெறம் தெரிஞ்சிரும்" என்றாள். நீ திரும்பி, "ஒங்க மருமகனும் நனையிறாரு அத்த, அவரு நெறத்தையும் பாத்துக்கிறேன்" என்றாய். டீக்கடையில் ஒதுங்கிப் பான் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றோம். நீ ஒரு றாத்தல் பான் ரொட்டியைத் தனியாகத் தின்றாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாய். நான் பார்த்தேன்.

பதில் போடு.

சோலைமலை
(கைநாட்டு)


இறம்பொடை,
2024 மார்ச் 19.

சோலைமலை அவர்களுக்கு,

ராக்காயி எழுதுவது. கடிதம் கிடைத்தது. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். சீனி போட வேண்டாம்.

பணத்தைக் கையில் கொண்டுவந்து தர வேண்டாம். கோர்ட்டில் சொன்னபடி என் பெயரில், என் பேங்க் புத்தகத்தில் விழ வேண்டும். நாளானாலும் அப்படியே வரட்டும். பைலுக்கு ஏதாவது காகிதம் வேண்டுமா என்று கேட்டு எழுதுங்கள், உடனே அனுப்புகிறேன்.

நான் காளியாயி அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். லயத்துக் காம்பரா, ஒரே அறையில் ஐந்து பேர். மகள் லோஜினி குவைத்திலிருந்து பேசினாள். உங்களுக்கும் எடுத்தாளாம், நீங்கள் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசினீர்களாம்.

பான் நான் தின்றது முக்கால் றாத்தல். மீதியைத் தின்றது உங்கள் அத்தை.

இப்படிக்கு,
ராக்காயி


கொட்டகலை,
2024 ஜூலை 15.

ராக்காயிக்கு,

நீ என் பெயரை எழுதியிருந்ததை ஸுஹைர் வாசித்தபோது எனக்கு யாருக்கோ வந்த கடிதம் போல இருந்தது. நாற்பத்திரண்டு வருடத்தில் உன் வாயில் என் பெயர் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் புருஷன் பெயரைக் கேட்டதற்கு, பக்கத்துக் கட்டில்காரியைச் சொல்லச் சொன்னவள் நீ. இப்போது பெயரும் வந்தது, கூடவே 'அவர்களுக்கு' என்றும் வந்தது. இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

காரியம் இதுதான். பைல் கொழும்புக்குப் போயிருக்கிறது. வர நாளாகும். வந்தாலும் தேர்தல் முடியும்வரை கந்தோரில் வேலை நடக்காதாம். நீ காகிதம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். கடிதம் மட்டும் போடு.

நேற்று ஸ்டேஷன் பக்கம் போனேன். 1992 பங்குனியில் சரக்கு வண்டி தடம் புரண்டதே, அந்த இடத்தில் இப்போது சூரியகாந்திச் செடி முளைத்திருக்கிறது. அன்று மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு சிதறிக் கிடந்தது. நாங்கள் ஒன்பது பேர் தண்டவாளத்தைத் தூக்கிக்கொண்டிருந்தோம். எனக்குச் சோறு கொண்டுவந்த நீ, சோற்றை வைத்துவிட்டு மடி நிறையக் கிழங்கு பொறுக்கினாய். ரயில் கார்ட் பார்த்துவிட்டார்.

"ஏய் பொம்பள, அது கவர்மெண்டு சாமான்."

"நானும் கவர்மெண்டு சாமான்தாங்க. இந்த லைன்ல வேல செய்யிறவரு பொஞ்சாதி. வேணும்னா அவரு சம்பளத்துல புடிச்சுக்கங்க."

தண்டவாளத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தோம். பத்து நாள் கிழங்குக் கறி. பதினோராம் நாள் லோஜினி சோற்றுக் கோப்பையைப் பார்த்ததுமே அழுதாள்.

ஸுஹைர் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணே, இது பென்சன் காயிதமா, கதப் புத்தகமா?" என்று கேட்கிறார். கடையில் ஆள் நிற்கிறது. நிறுத்துகிறேன். பதில் போடு.

சோலைமலை
(கைநாட்டு)


இறம்பொடை,
2024 அக்டோபர் 8.

சோலைமலை அவர்களுக்கு,

நேற்று நானே பென்சன் கந்தோருக்குப் போனேன். துஷாந்த் என்று ஒரு கிளார்க், நல்ல பிள்ளை, உட்காரச் சொன்னார். பைல் கொழும்புக்குப் போகவில்லை. அவர் மேசையில்தான் இருந்தது.

"அம்மா, உங்க பக்கம் எல்லாம் சரி. அந்த ஐயா வந்து ஆபீசர் முன்னுக்கு ஒரு கைநாட்டு வச்சாப் போதும், அடுத்த மாசமே உங்க புத்தகத்துல விழும். மூணு தடவ காகிதம் போட்டோம். அவருதான் வரல்ல."

"அவருக்கு வாசிக்கத் தெரியாதுங்க தம்பி" என்றேன். அங்கேயும் உங்களை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான், ஸுஹைர் முதலாளி வாசித்துச் சொல்லியிருப்பாரே என்று உறைத்தது.

நீங்கள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். கைநாட்டு வைத்துவிட்டால் கடிதம் நின்றுவிடும். அதுதானே.

பஸ் நின்ற வளைவு, கிழங்கு சிதறிய மாதம், எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் வரவில்லை. அதை நான் எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி தேயிலைத் தோட்டத்தில் எனக்குச் சம்பளம். லோஜினி பிறந்த அன்றுகூட லீவு எடுக்காத நீங்கள், என் சம்பள நாளில் மூன்று மணிக்கே ரயில்வே வேலையை விட்டு வந்துவிடுவீர்கள். அதுதான் தோட்டத்து வழக்கம், எல்லாப் புருஷன்மாரும் வந்து நின்றார்கள். கணக்கப்பிள்ளை "ராக்காயி" என்று கூப்பிடுவார். நீங்கள் கை நீட்டுவீர்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த நான் கூடையோடு பின்னால் நின்றேன். கைநாட்டு வைக்கிற நீங்கள் முன்னால் நின்றீர்கள். முப்பத்தைந்து வருடம். கேட்டால், "பத்திரமா இருக்கு" என்பீர்கள். கடைசியில், வேலை முடிந்தபோது வந்த என் இ.பி.எப். பணமும் என்னைக் கேட்காமல் உங்கள் தம்பி ஜீவராஜின் வேனுக்குப் போனது. அதற்காகத்தான் இந்த வயதில் கோர்ட்டுக்குப் போனேன். வேறு குறை எனக்கு இல்லை.

இப்போதும் பத்திரமாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள்.

அறுபத்துமூன்று வயதில் நான் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறேன். உங்களிடம் சொல்லவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்குத் தருவார்கள். வலது முழங்கால் மடங்குவதில்லை. மலையில் இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன். அந்தப் பாதி வந்திருந்தால் நான் மலை ஏறியிருக்க மாட்டேன். நீங்கள் கதை சொல்லிக்கொண்டிருந்த மாதமெல்லாம் நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

கிழங்குக் கடிதத்தை அக்காவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டிச் சிரித்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

ராக்காயி


கொட்டகலை,
2024 அக்டோபர் 21.

ராக்காயிக்கு,

உன் கடிதத்தை ஸுஹைர் ஒரு முறைதான் வாசித்தார். மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை. "மூணாவது காயிதம் வந்தப்பவே சொன்னேன்ல அண்ணே" என்று மட்டும் சொன்னார். சொன்னது உண்மை.

சம்பள மேசையை நான் மறக்கவில்லை. அதற்கு ஒரு கால் குட்டை, செங்கல் துண்டு வைத்திருப்பார்கள். கணக்கப்பிள்ளை நல்லமுத்து எச்சில் தொட்டுத்தான் நோட்டு எண்ணுவார். உன் பெயருக்கு முந்தின பெயர் அம்மாக்கண்ணு. எல்லாம் இருக்கிறது. நீ எந்த இடத்தில் நின்றாய் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. நான் திரும்பிப் பார்த்ததில்லை.

புதன்கிழமை கந்தோருக்குப் போனேன்.

"ஐயாவுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சதா?" என்றார் துஷாந்த்.

"வழி தெரியும் தம்பி. மனசுதான் வரல்ல."

ஆபீசர், சொந்த விருப்பத்தோடுதான் வைக்கிறீங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இடது பெருவிரல். வருடக்கணக்காகச் சம்மட்டி பிடித்த விரலில் ரேகை சரியாக விழாது, மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது விழுந்தது. அங்கிருந்து நேராகப் பேங்குக்குப் போய், இதுவரையுள்ள பதினொரு மாதத்துப் பாதியையும் உன் புத்தகத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து கந்தோரே உன் பங்கை அனுப்பும். என் கை படாது.

நீ மலை ஏறுகிறாய் என்று தெரிந்திருந்தால் போயிருப்பேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை. தெரிந்துகொள்ள நான் கேட்கவில்லையே.

முழங்காலை ஆஸ்பத்திரியில் காட்டு. எழுதுவதற்கு இனிக் காரியம் ஒன்றும் இல்லை. "இன்னும் ஒரு பக்கம் சும்மா கெடக்கு அண்ணே" என்கிறார் ஸுஹைர். கிடக்கட்டும்.

சோலைமலை
(கைநாட்டு)


இறம்பொடை,
2024 டிசம்பர் 3.

சோலைமலை அவர்களுக்கு,

இரண்டு பணமும் வந்துவிட்டது. நீங்கள் மாற்றியதும், கந்தோர் அனுப்பியதும்.

பேங்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவதற்குள் இரண்டாம் தடவையும் கூப்பிட்டுவிட்டார்கள். "நான்தாங்க, வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே நின்று எண்ணினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மறுபடியும் எண்ணினேன். "நான் ஒருக்கா எண்ணிப் பாக்கவாடி?" என்று அக்கா கேட்டாள். தரவில்லை.

கைக்காசு வேலையை விட்டுவிட்டேன். முழங்காலுக்கு மருந்து தருகிறார்கள், கிளினிக் மாதம் ஒரு தடவை. இன்று காலை எல்லோரும் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடும்போது நான் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். குடித்து முடியும்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

உங்கள் கடிதத்தின் வெறும் பக்கத்தையும் பார்த்தேன். காரியம் இல்லாமலும் நாம் எழுதிக்கொள்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு நாளாகும். இந்த முறை தாமதம் என்னுடையது.

ராக்காயி