பந்தலாகிப் போன படங்குகள்

ஜனவரி 16, வியாழன்

ஜேர்மன் கொள்வனவாளர் மிளகுக் கொள்கலனை 31ஆம் திகதி ஏற்றச் சொல்லியிருக்கிறார். தகவல்: ஏற்றுமதிப் பிரிவு சர்மிளா. ஒரு நிபந்தனை. மிளகு தார் ரோட்டில் காயவில்லை என்று கம்பனியின் பிரதம நிறைவேற்று அதிகாரி ஒப்பமிட வேண்டும். அது நான்தான். பதவிக்கு வந்து நான்கு மாதம்.

மிளகு காயப்போடவென்று எல்கடுவப் பக்கத் தோட்டக்காரர்களுக்குக் கம்பனிப் பெயர் அச்சடித்த தரையில் விரிக்கும் நீலப் பிளாஸ்டிக் படங்குகள் கொடுத்திருக்கிறோம். ஒப்பத்தில் சிக்கல் இராது.

ஜனவரி 19, ஞாயிறு

எங்களுக்கு அதிகம் மிளகு தருபவர் நாகமுத்து. அவர் மகளின் கல்யாணத்துக்கு எல்கடுவ போனேன். பந்தல் முழுக்க நீலம். மணமேடைக்கு நேர் மேலே கம்பனிப் பெயர், தலைகீழாக.

"ஒங்க பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு கட்டினேன் சேர்."

அப்படியானால் மிளகு எங்கே காய்கிறது என்று கேட்டேன். ரோட்டில்தான் என்றார். "புதுப் படங்குல மிளகக் கொட்டி அழுக்காக்குவாங்களா? நல்லது கெட்டதுக்கு ஆகும்னு எல்லாரும் மடிச்சு வச்சிருக்கோம்."

சாப்பாடு நன்றாக இருந்தது.

ஜனவரி 20

களஞ்சியத்தில் எல்லார் மிளகும் கலந்து கிடக்கிறது. பிரிக்க வழியில்லை. பணிப்பாளர் சபைத் தலைவர் ஜிப்ரி ஹாஜியாரிடம் சொன்னேன்.

"ஜேர்மன்காரன் எல்கடுவ ரோட்டுக்கு வந்து பாக்கவா போறான், தம்பி? நீங்க ஒப்பம் வைக்காட்டி மிளகு தரம்பிரிக்கிற நாப்பது பேர் வேலயில்லாம வீட்டுல இருக்கணும். அதையும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

நாற்பது பேர் என்பது சரியான கணக்கு.

ஜனவரி 21

பேனா எழுதுகிறதா என்று பார்த்தேன். எழுதுகிறது.

ஜனவரி 23

ஒப்பம் வைக்கவில்லை. மிளகு ரோட்டில் காய்ந்தது என்று கொள்வனவாளருக்கு அறிவித்தேன். பிறகு தரம்பிரிக்கும் பெண்களிடம் போய், கொள்கலன் போகாமல் போகலாம் என்றேன். மூத்தவர் பாப்பம்மா.

"அது இருக்கட்டும் சேர். நாளைக்கு வரணுமா வேணாமா?"

தெரியாது என்றேன். நாப்பது பேரு முன்னால நின்னு தெரியாதுன்னு சொல்றதுக்கா எனக்கு இந்தப் பதவிக் கதிரை? வேற என்னத்தச் சொல்ல — தெரியலயே.

ஜனவரி 24

எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஜனவரி 29, புதன்

கொள்வனவாளர் மாதிரி கேட்டார், அனுப்பியாயிற்று. தார் படிந்திருந்தால் கொள்கலன் ரத்து. இல்லாவிட்டால் பெப்ரவரியில் ஏற்றலாம். உள்ளூர்க் கடைகளுக்குப் பொதியிடும் வேலை பாதிப்பேருக்குத்தான் இருக்கிறது. முறை வைத்து வருகிறார்கள்.

மாலையில் எல்கடுவ போனேன். நாகமுத்து படங்கை விரித்திருந்தார். அதன் மேல் பழைய பாய். பாயின் மேல் மிளகு. படங்கு அழுக்காகக் கூடாதாம்.

சோதனை முடிவு பெப்ரவரி 5ஆம் திகதி வரும். பணிப்பாளர் சபை 6ஆம் திகதி கூடுகிறது. பேச இருப்பது ஒரே விடயம், என் பதவி. நாளைக்கு மற்றத் தோட்டங்களுக்கும் போய், படங்குகளின் மேல் விரித்த இன்னும் இருபது பாய்களை அகற்ற வேண்டும்.