ஆயுள் முழுக்க இலவசம்

அன்பு மகள் சில்யாவுக்கு,

மலைமேல் சார்ஜ் ஏற்றுகிற இடத்தில், வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். சிலியில் உங்களுக்கு இப்போது கோடை முடிகிற நேரம், மீன் பண்ணைக்கு வைத்தியம் பார்க்கப் படகில் போகிறபோது கழுத்தை மூடிக்கொள். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு முழங்காலும் மட்டும் கன்றிப்போயிருக்கின்றன, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆடுகள் நன்றாக இருக்கின்றன. ஸ்கேன் பார்க்கிறவன் வந்து ஒவ்வொன்றின் முதுகிலும் பெயின்ட் கோடு போட்டுவிட்டுப் போனான். அந்த ஒற்றைக் காது கறுப்பிக்கு மூன்று கோடு. இந்த வயதில் மூன்று குட்டியா என்று கேட்டேன். ‘அதுகிட்டயே கேளு, நான் படம் பாத்துச் சொல்றவன் மட்டும்தான்’ என்றான். இந்தத் தாள்களின் மறுபக்கத்தில் ஏதேதோ அச்சடித்திருப்பதைப் பார்த்துக் குழம்பாதே, வண்டியில் வேறு தாள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ‘அப்பா, அந்தக் கிழட்டு வண்டியக் குடுத்துட்டுப் புதுசு ஒண்ணு எடு. மாசாமாசம் அம்மாவப் பாக்க அதுல மலை தாண்டிப் போறே, பனியில நடுவழியில நின்னுட்டா நான் இங்கேருந்து என்ன பண்ணுவேன், எனக்குத் தூக்கமே வரல’ என்றாய். மாற்றுவதா வேண்டாமா என்று வண்டிக் கடைக்காரர்களுக்கு நான் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இன்றைக்கு வியாழன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் வண்டியைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அதை எடுத்தவுடன் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் வண்டியிலிருந்தே வருகிறேன்.

அந்த வண்டி நம் ஊருக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். தன் அப்பாவின் காட்டில் வந்த பங்கை விற்றுவிட்டு உன் அம்மா அதை வாங்கினாள். வீடுவீடாகப் போய்க் கிழடுகளுக்கு ஊசி போடுகிற நர்சுக்கு எதற்கு இவ்வளவு பெரிய சொகுசு வண்டி என்று ஊரே கேட்டது. பக்கத்துப் பண்ணை ஒட்வார் வேலி ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டு, ‘டேய் தோர்லைவ், உன் பொண்டாட்டி சமையலறை அடுப்புக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டாந்திருக்காடா’ என்றான். அதிலிருந்து அவனுக்கு அது அடுப்புதான். நான் அப்போது வண்டிப்படகில் வேலையாக இருந்தேன், ஏறுகிற கார்களைக் கைகாட்டி வரிசையில் நிறுத்துகிற வேலை, முப்பத்தோரு வருஷம். மின்சார வண்டிக்குப் படகில் டிக்கெட் கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆக உன் அம்மா வந்தால் நான் சும்மா கையை ஆட்டி உள்ளே விட வேண்டும். பின்னால் டிராக்டரில் இருக்கிற ஒட்வார், ‘பாத்தீங்களா, இவன் பொண்டாட்டிக்கு மட்டும் ஓசி’ என்று மொத்தப் படகுக்கும் கேட்கக் கத்துவான். உன் அம்மா கண்ணாடியை இறக்கி, ‘நீயும் அவனக் கட்டிக்க ஒட்வார், உனக்கும் ஓசி’ என்பாள். இப்போது ஒட்வாரே மின்சார வண்டிதான் ஓட்டுகிறான். சீனாவில் செய்தது, நம்முடையதைப்போல இரண்டு மடங்கு தூரம் போகிறதாம். காலையில் கடந்து போகும்போது கண்ணாடியை இறக்கி, ‘உன் அடுப்பு இன்னும் சுடுதாடா’ என்று கேட்கிறான்.

வண்டியோடு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அம்மா அதைச் சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தாள். எங்கெல்லாம் அந்தக் கம்பெனி சார்ஜ் இடம் வைத்திருக்கிறதோ அங்கெல்லாம் ஆயுள் முழுக்க இலவசம் என்று போட்டிருந்தது. எனக்குப் படிப்பு அவ்வளவாக ஓடாது என்று உனக்குத் தெரியும், பெரிய தாள்களை எல்லாம் அவளிடமே விட்டுவிடுவேன். யார் ஆயுள் என்று கேட்டேன். தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘என் ஆயுள்தான், வேற யாருது? வண்டி என் பேர்ல இருக்கு. என்ன ஒழுங்காப் பாத்துக்க, நான் போய்ட்டா உனக்கு ஓசிக் கரண்ட் கட்’ என்றாள். சரி என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான், பன்னிரண்டு வருஷம் அது எனக்குத் தெரிந்த ஒரு விஷயமாக இருந்தது, பால் திரியும் என்று தெரிந்திருப்பதைப் போல.

அக்டோபரில் அவள் போனாள். அவள் கேட்டுக்கொண்டபடி மலைக்கு அந்தப் பக்கம், அவள் பிறந்த ஊர்ச் சர்ச் கல்லறையில், அவள் அம்மா பக்கத்தில் வைத்தோம். நீ வந்திருந்தாய், பார்த்தாய். நாம் ஒட்வாரின் வண்டியில் போனோம், உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வண்டி வீட்டிலேயே நின்றது. நீ விமானம் ஏறின பிறகு நான் ஆட்டுக்கொட்டிலில் இருக்கிற சாதாரண சுவிட்சில் வயரை மாட்டினேன். அதில் ஏறுவது சொட்டுச் சொட்டாகத்தான், குளிர்காலத்தில் ஒரு ராத்திரி ஏற்றினால் கடைக்குப் போய்வரத் தாங்கும். இரண்டு மூன்று ராத்திரி விட்டு நிரப்பினாலும் பழைய பேட்டரி, பனியில் மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும், திரும்பாது. நடுவில் மலைமேல் கம்பெனி வைத்திருக்கிற இந்த இடத்தில் நின்றால்தான் முடியும். அம்மா போனதோடு இங்கே நம் உரிமை முடிந்துவிட்டது என்று இருந்தேன். வயரை மாட்டினால் கரண்ட் வந்துவிடும் என்றும் தெரியும், செத்தவள் பெயரில் அதை எடுப்பது எப்படி. காசு கட்டி ஏற்றலாமே என்பாய், மற்ற கம்பெனிக்காரர்களுடைய வயர் நம் வண்டி வாய்க்குச் சேராது. சேருகிற மாதிரி ஒரு சாமான் இருக்கிறது என்று ஒட்வார் சொன்னான், பஸ் இருக்கிறது என்றும் சொன்னான். நான் கேட்டுக்கொண்டு ஆட்டுக்குத் தீனி போடப் போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன். மாசாமாசம் போகிறேன் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய் சில்யா. புதைத்த நாளுக்குப் பிறகு நான் அங்கே ஒரு தடவைகூடப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊரில் எல்லாரும் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு போனார்கள். நான் கொட்டிலில் உட்கார்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உன் பெரியம்மா ஹெர்டிஸுக்குப் போன் போட்டேன். ‘நீ வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் நானே காலையில போயிட்டு வந்துட்டேன். உன் பேர்ல ஒண்ணு, சில்யா பேர்ல ஒண்ணு, ரெண்டு ஏத்தினேன். காத்து இல்ல, ரெண்டும் எரியுது’ என்றாள். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டு விளக்கு ஏற்றினாயா என்று கேட்டதும், ரெண்டு ஏத்தினேன், காத்து இல்லை, ரெண்டும் எரியுது என்றேன். நீ அழுதாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அக்டோபரிலிருந்தே அப்படித்தான். குளிரில் ஈரக் கயிறு இழுத்த கைக்கு விரல் இருப்பது தெரியும், நம் விரல் என்று தெரியாது, அது மாதிரி. சாப்பிடுகிறேன், ஆடு பார்க்கிறேன், வானிலை கேட்கிறேன். கரண்ட் இல்லை, அதனால் போக முடியாது, அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

நீ நெருக்கினதால் திங்கட்கிழமை டவுனுக்குப் போனேன். வண்டிக் கடையில் வில்தே என்று ஒரு சின்னப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கதவுக் கைப்பிடி உறைந்துபோனால் மடக்கின கையால் இரண்டு குத்து விட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். திரையின் ஓரம் மஞ்சளாகப் போயிருப்பதைத் தடவிப் பார்த்தாள். பின்பக்க நசுங்கலைக் காட்டி இது எப்படி என்றாள், ஓட்டப் பழகினபோது என் மகள் கல்வேலியைப் பின்னால் தள்ளி வைக்கப் பார்த்தாள் என்றேன். அதற்கு நன்றாகச் சிரித்தாள். பிறகு உள்ளே ஏறி ஸ்டார்ட் செய்தாள், சீட்டு தானாக முன்னால் நகர்ந்து அவளை ஸ்டியரிங்கோடு சேர்த்து வைத்தது. முழங்காலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, இதுதான். உன் அம்மா எவ்வளவு குள்ளம், நான் எவ்வளவு நெட்டை. வண்டிக்கு இன்னும் அவள்தான் ஓட்டுகிறாள் என்று எண்ணம். ஒவ்வொரு தடவையும் சீட்டு என்னை முன்னால் தள்ளி முழங்காலை இடிக்கும், அப்புறம் நான் கையால் பின்னால் தள்ளிக்கொள்வேன். திரையில் அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட ஒரு பொத்தான்தான், வில்தே போடவா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

அப்புறம் அவள் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு, ‘தோர்லைவ், அக்டோபர்லேருந்து வண்டி தூரமா எங்கயுமே போகலியே, வெளிய ஒரு தடவகூட சார்ஜ் ஏறல, வயர் மாட்டுற இடத்துல ஏதாவது கோளாறா?’ என்றாள். கோளாறு இல்லை, உரிமைக்காரி இறந்துவிட்டாள், ஆயுள் முழுக்கத்தானே கொடுத்தீர்கள், ஆயுள் முடிந்துவிட்டது என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ‘அது வண்டியோட ஆயுள் தோர்லைவ். உங்க மனைவியோடது இல்ல. வண்டி ஓடுற வரைக்கும் உண்டு, யார் ஓட்டினாலும் உண்டு’ என்று மெதுவாகச் சொன்னாள். என் மனைவி தாளைப் படித்துத்தான் சொன்னாள் என்றேன். ‘அவங்க உங்கள வம்புக்கு இழுத்திருப்பாங்க’ என்றாள். பன்னிரண்டு வருஷமாக அது வம்பு என்று எனக்குத் தெரியவில்லை சில்யா. அவளும் மறந்திருப்பாள், அன்று இரவே மறந்திருப்பாள். சிரிக்க வேண்டிய இடம், எனக்குச் சிரிப்பும் வரவில்லை வேறொன்றும் வரவில்லை. மேசைமேல் ஈஸ்டருக்கு வைத்திருந்த ஆரஞ்சுக் கூடையிலிருந்து அந்தப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வில்தே நியாயமாகவே சொன்னாள், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். புது வண்டி நிற்காமல் மலை தாண்டிப் போய்த் திரும்பும், நாலு சக்கரமும் இழுக்கும், பனிக்கு அதுதான் சரி என்றாள். பழையதைக் கொடுத்தால் அது வெளிநாட்டுக்குப் போகும், இல்லை பேட்டரிக்காகப் பிரிப்பார்கள், புது வண்டிக்கு அந்த இலவசம் வராது என்றும் மறைக்காமல் சொன்னாள். வண்டி மாற்றுகிற ஒப்பந்தத்தை நாலு தாளில் அடித்துக் கொடுத்தாள், கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அதைச் சமையலறையில் வைத்துவிட்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் போகாததற்குக் கரண்ட் காரணம் இல்லை என்று ஆகிவிட்டது. 

இன்று காலை ஆட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் காகிதத்தில் மடித்து, அந்த நாலு தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கீழே கடையில் கல்லறை விளக்கு இரண்டு வாங்கினேன். மேலே வர வரப் பனி, சாலையோரத்தில் நட்ட கம்புகள் மட்டும்தான் தெரிந்தன, வண்டி தன் பாட்டுக்கு ஏறியது. இங்கே வந்து வயரை எடுத்து மாட்டினேன், கொஞ்சம் யோசித்தது, பிறகு பச்சை விளக்கு எரிந்தது. என் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்னவென்று தெரியவில்லை, வண்டிக்குள் வேறு யாரும் இல்லை கேட்க. ஆரஞ்சில் பாதி தின்றேன். திரையில் இன்னும் பதினொரு நிமிஷம் என்று காட்டுகிறது. ஏற்றி முடித்ததும் கீழே இறங்கி அந்தப் பக்கம் போகிறேன். இன்றைக்குப் போகிறேன், அடுத்த மாதம் என்னவென்று தெரியாது, இனி போகாவிட்டால் போகவில்லை என்றே சொல்கிறேன்.

பனியில் நின்றுபோவேன் என்று பயப்படாதே. மண்வாரி, கம்பளி, தெர்மாஸ் எல்லாம் பின்னால் இருக்கின்றன, போகும்போதும் வரும்போதும் இங்கே நின்று நிரப்பிக்கொண்டுதான் நகர்வேன். நீ வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை சமைப்பதைக் குறை சொல்லாதே, உங்கள் இரண்டு பேருக்கும் நல்லதே நடக்கட்டும். ஹெர்டிஸ் பெரியம்மாவுக்கு உன் கையால் நாலு வரி எழுது, அந்த இரண்டு விளக்கும் அவள் ஏற்றினது, நன்றி என்னிடம் சொல்லிவிட்டாய், அது அவளுக்குச் சேர வேண்டியது. மறந்துவிடாதே.

வில்தே கொடுத்த நாலு தாளிலும் எழுதித் தீர்த்துவிட்டேன். இது கடைசித் தாள், திருப்பிப் பார்த்தால் கீழே கோடு போட்டு என் பெயரை எழுதச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் காலிதான். உன்னிடமே இருக்கட்டும்.

கையெழுத்து இந்தப் பக்கம் போடுகிறேன்,
உன் அப்பா,
தோர்லைவ்