சூடத்தின் முன் நீட்டிய கை

சின்னக்கானல்,
வைகாசி 3.

எருத்தேன்பதி சரஸ்வதி அக்கா அவர்களுக்கு, ஆர்த்தியின் அம்மா அழகுத்தாய் கும்பிட்டு எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் என் கையெழுத்துக்குப் பரிசு கிடைத்தது. இப்போது வலது கை கொஞ்சம் சரியில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. நீங்களும் பாவம், எத்தனை தடவைதான் 'அழுவாதீங்க'ன்னு சொல்வீர்கள்.

நீங்கள் கொடுத்துவிட்ட நிலக்கடலையும் தேங்காயும் வந்து சேர்ந்தன. என் வீட்டுக்காரர் வேல்முருகன் தேயிலை ஃபாக்டரியிலிருந்து வந்ததும் பாதிக் கடலையைத் தின்றுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார். இங்கே ஒரு வாரமாக யானை வரவில்லை. அரிசிக்காகக் கதவை உடைக்குமோ என்ற பயமில்லாமல் ரேஷன் கடைக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஆர்த்தி பரீட்சை எழுதி முடித்துவிட்டாள் என்று உங்கள் மகள் செல்வப்பிரியா சொன்னாள். அவளோடு கல்லூரியில் கூடப் படித்தவள் என்ற ஒரே உறவில் என் மகளை உங்கள் வீட்டில் வைத்து, ஃபீஸும் கட்டிப் படிக்க வைத்திருக்கிறீர்கள். பெற்றவள் நான் செய்ய வேண்டியது. எப்படி நன்றி சொல்வது அக்கா? அவள் வந்த அன்று நீங்களே என்னைப் போனில் கூப்பிட்டு, 'ஏனுங்க, உங்க புள்ள எங்க ஊட்ல பத்திரமா இருக்குதுங்க. நான் ஒண்ணும் கேக்கலீங்க, சோறு போட்டேனுங்க, தூங்குது' என்றீர்கள். அந்த 'ஒண்ணும் கேக்கலீங்க' இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. ஏன் என்று நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

எங்கள் லயத்துக்கு, எஸ்டேட்டின் இந்த வரிசை வீடுகளுக்கு, கோயில் என்றால் காளிச்சாமிதான். பஜனை மன்றத் தலைவர். அவர் கையால் திருநீறு வாங்காத வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடக்கூட ஆள் வராது. அவரை எதிர்த்துப் பேசிய குடும்பத்தைத் திருவிழாவுக்குச் சேர்க்க மாட்டார்கள். முளைப்பாரி எடுக்கும் பெண்கள் முந்தின நாள் மன்றத்து அறையில் ஒவ்வொருவராகப் போய் அவரிடம் திருநீறு பூசிக்கொள்ள வேண்டும். இது அவராக வைத்த வழக்கம். அம்மன் கேட்டாளா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் அந்த அறையிலிருந்து வெளியே வந்த ஆர்த்தி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். திருநீறு பூசுகிற சாக்கில் அந்த ஆள் கழுத்துக்குக் கீழே கையைக் கொண்டுபோனான் என்று. காளிச்சாமி கோபப்படவே இல்லை. தட்டில் சூடத்தை ஏற்றி வைத்து, 'நெசம்னா அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்' என்றார். என் மகள் நடுங்காமல் போய்க் கையை நீட்டினாள்.

நான்தான் அக்கா, ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். பொய்ச் சத்தியம் செய்தால் அம்மன் உயிரை எடுத்துவிடுவாள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். சத்தியம் பொய்யாக இருந்தால்தானே பயம்? அது அந்த நேரம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. 'பெத்தவளுக்கே நம்பிக்கை இல்ல பாருங்க' என்று காளிச்சாமி சிரித்தார். ஆர்த்தி அழவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்தும் நான் சும்மா இருந்தேனா? நீ ஏன் தனியாகப் போனாய், ஏன் எல்லார் முன்னாலும் சொன்னாய் என்று கேள்விக்கு மேல் கேள்வி. காலையில் முதல் ஜீப்பில் மூணாறுக்குப் போய், அங்கிருந்து உங்களிடம் வந்துவிட்டாள். ஒரு வருஷமும் ஒன்பது நாளும் ஆகிவிட்டன. என் போனை அவள் எடுப்பதில்லை. அது நியாயம்தான்.

இந்த வருஷமும் திருவிழா வந்தது. பக்கத்து லயத்துக்கு மருமகளாக வந்த யோகப்பிரியா அதே அறையிலிருந்து வந்து அதையே சொன்னாள். அதே தட்டு, அதே சூடம். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளைக்காரி சத்தியம் செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அது தெரிந்துதானே அந்த ஆள் ஏற்றினார்! அவள் சுற்றிச் சுற்றி எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

நான் போனேன். 'இவளுக்கும் எம் மகளுக்கும் சேத்து நான் அணைக்கேன்' என்றேன். 'நீ கண்ணால பாத்தியா?' என்று காளிச்சாமி கேட்டார். 'பாக்கல. எம் மக சொன்னா, அது போதும்' என்றேன். சொல்லி முடித்துச் சூடத்தின் மேல் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்க மறந்துபோனேன். பிறகு என் வீட்டுக்காரர்தான் வந்து எடுத்துவிட்டார். கையெழுத்து கோணலானது அதனால்தான். பெரிதாக ஒன்றுமில்லை, மருந்து போடுகிறேன்.

அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். இருபது வருஷமாக என்னோடு கொழுந்து கிள்ளுகிறவள்கூட. பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வார்டு மெம்பர் ஜோமோன் தன் ஜீப்பிலேயே எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். நான்கு பேர் மொழி கொடுத்தோம்; வாக்குமூலத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கேஸ் போட்டிருக்கிறார்கள், காளிச்சாமி உள்ளே இருக்கிறார். முளைப்பாரியை இந்த வருஷம் யாரிடமும் திருநீறு வாங்காமல் நாங்களே எடுத்தோம். மழையும் நன்றாகத்தான் பெய்தது. அம்மனுக்கும் அந்தப் பெண் யோகப்பிரியாவுக்கும் ஜோமோனுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள். எல்லாருக்கும் முன்னால் என் மகளுக்கு. முதலில் கை நீட்டியவள் அவள்.

போலீஸ் ஆர்த்தியையும் விசாரிக்கலாம் என்கிறார்கள். பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம். இங்கே வரச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள் அக்கா. எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடுங்கள், போதும்.

உங்கள் கிணறு வற்றாமல், தென்னை காய்ப்பு குறையாமல், எந்த ஊர்ப் பிள்ளை வந்தாலும் சோறு போடும் உங்கள் கை நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அவள் இதைப் படிக்க மாட்டேன் என்று சொன்னால், உங்கள் பேச்சிலேயே ஒன்று மட்டும் சொல்லுங்கள்: 'உங்கம்மா ஒண்ணும் கேக்கல கண்ணு, சாப்பிட்டயான்னு மட்டுந்தான் கேட்டாங்க' என்று.

உங்களுக்கு என்றும் கடன்பட்ட தங்கை,
அழகுத்தாய்