காப்புக் கையால் ஓர் ஒத்தடம்

என் செல்ல அப்பாவுக்கு,

இன்று உங்கள் பேத்தியைக் கள்ளக்குறிச்சியில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் அழைத்துப்போனேன். மாதவிலக்கு வலிக்குத்தான். வேறு கோளாறு எதுவும் இல்லையென்று டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார். மாத்திரையோ இவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அந்த அம்மா அடிவயிற்றுக்குச் சூடு வைத்தார், இடுப்பை அழுத்திவிட்டார், முழங்காலை நெஞ்சுவரை மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுத்தார். முதுகில் பட்டை ஒட்டி லேசாக மின்சாரம் விடுகிற குட்டி மிஷின்கூட இருக்கிறது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்று இவள் சிரித்தாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம், நினைவிருக்கிறதா? மாரியம்மனுக்கு நீங்கள் காப்புக் கட்டியிருந்தீர்கள். காப்புக் கட்டிய வீட்டில் தூரமான பெண், அதாவது மாதவிலக்கான பெண், இருக்கக் கூடாது என்று என்னை ரிஷிவந்தியம் அத்தை வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். அந்த முறை பஸ் ஓடவில்லை. அம்மா பயந்துபோய் உங்களிடம் "சூட்டு வலி" என்று மறைத்துவிட்டார்.

நீங்களோ குடல்வால் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். மாட்டைப் பூட்டி, வண்டியில் என்னைப் படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளப்பினீர்கள். வடக்கனந்தல் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. காலையில் ஆட்களோடு போய் நீங்களே வெட்டிச் சாய்த்த மரம்!

கோடாரியை எடுத்து அதை வெட்டத் தொடங்கினீர்கள். காவலுக்கு நின்ற பங்காளிகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாண்ணே, நீயே சாய்ச்சிட்டு நீயே எடுக்கிற? ஊருல இன்னா பேசுவாங்க?"

"பொண்ணு துடிச்சிக்கினு கீதுடா. ஊரு நாளைக்கிப் பேசட்டும்."

மறியலில் எல்லோருக்கும் முன்னால் நின்ற மனுஷன் எனக்காகத் தலைகுனிவதை என்னால் தாங்க முடியவில்லை. இறங்கிவந்து உங்கள் காதில் சொன்னேன்.

"குடல்வால் இல்லப்பா. நான் தூரம்."

திட்டு விழும் என்று பயந்தேன். நீங்கள் கோடாரியை உள்ளே போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினீர்கள்.

வீட்டில் கல்லுப்பை வறுக்கச் சொல்லி, துண்டில் முடிந்து, என் இடுப்பில் நீங்களே ஒத்தடம் வைத்தீர்கள். அம்மா அலறிவிட்டார்.

"ஐயோ, காப்பு கட்டிக்கினு கீற கையிங்க அது!"

"ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ இன்னும் கொஞ்சம் உப்ப வறு."

சூடு ஜாஸ்திப்பா. கொப்புளமே வந்துவிட்டது, உங்கள் மனசு நோகுமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையின் அழுத்தத்தில்தான் அன்று கண்ணயர்ந்தேன். ஏர் பிடித்த கைக்கு அவ்வளவு பதம் எங்கிருந்து வந்தது?

சுவரைப் பார்த்துக்கொண்டே "கம்மியாச்சாம்மா?" என்று கேட்டீர்கள். வெட்கத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதற்குப்பின் நீங்கள் கண்ணை மூடும்வரை அந்தப் பேச்சு நம்மிடையே வரவேயில்லை.

இனி நம் வீட்டில் எந்தப் பெண்ணும் தன் வலிக்கு வேறு பெயர் சொல்லி ஒளிய மாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

கம்மியாச்சுப்பா. அன்றைக்கே கம்மியாச்சு.

உங்கள் பெரிய பொண்ணு,
அலமேலு